சத்தம் வரட்டும்

"கோட்டைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்கம்மா, கதவுல மாட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வெல்டா லிஃப்டின் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள். விடிவதற்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. உள்ளே நரித்தோல் கோட்டு, சாராயம், சவரச் சோப்பு எல்லாம் கலந்த ஒரு வாசனை. எட்டுப் பேர் நிற்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் கையிலும் ஹோட்டல் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. ஒமாஹாவிலிருந்து வந்திருந்த மெத்தை வியாபாரி பிக்ஸ்லர் அதை இப்போதே மாட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் பக்கத்தில் நின்றவரின் காலை மிதித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். வெல்டா பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினாள். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு மேலே கிளம்பியது.

"ஏம்மா, இன்னிக்காவது வெடிக்குமா? இல்ல நேத்து மாதிரி கேக்கைத் தின்னுட்டுப் போய்ப் படுக்க வேண்டியதுதானா?" என்றார் பிக்ஸ்லர்.

"காத்து அடங்கிருச்சுன்னு ரேடியோவுல சொல்லிட்டாங்க சார். இன்னிக்கு நிச்சயம்."

"அங்க ராணுவக்காரப் பயலுகளுக்கு முன்வரிசையாம், தெரியுமா? குழி வெட்டி உக்கார வெச்சிருக்காங்களாம். நாம காசு குடுத்து இவ்வளவு தூரத்துல இருந்து பாக்கறோம், அவனுகளுக்கு ஓசியில பக்கத்துலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டா கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தின் வசந்த காலம். லாஸ் வேகஸ் ஊருக்கு வடமேற்கே, மலைகளுக்கு அப்பால் இருந்த பாலைவனத்தில் அரசாங்கம் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபிரிமாண்ட் தெருவில் ஓரளவு உயரமான ஹோட்டல் ஒவ்வொன்றும் தன் மொட்டைமாடியில் அதற்கொரு விருந்து வைத்தது. காப்பர் லில்லி ஹோட்டலின் விருந்துதான் எல்லாவற்றிலும் பெரியது என்று காப்பர் லில்லியில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நம்பினார்கள். முதலாளி ஏமரி ஹாஃப்ஸ்டெட் அதை நம்பாத ஒருவரை வேலையில் வைத்திருக்க மாட்டார்.

லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு ஹோட்டலின் கதையைச் சொல்லியாக வேண்டும் என்பது ஏமரியின் கட்டளை. ஒரு மாடிக்கு ஒரு துண்டு. வெல்டாவுக்கு அது தூக்கத்திலும் வரும். கீழ்த்தளத்திலிருந்து கிளம்பும்போது ஐஸ்கட்டி. ரயில் கம்பெனி இந்த ஊர் மனைகளை ஏலம் விட்ட நாளில், கொளுத்தும் வெயிலில், ஏமரியின் அப்பா ஓட்டோ ஒரு துணிக்கூடாரத்தை அடித்து, இரண்டு பீப்பாய்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அவரிடம் விற்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கூடாரத்தின் நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு ஐஸ்கட்டி நின்றது. அதற்குள் ஒரு பெரிய மீன், வாயைத் திறந்தபடி உறைந்து கிடந்தது. ரயிலில் எப்படிக் கொண்டுவந்தார் என்று அவர் சாகிறவரை யாருக்கும் சொல்லவில்லை. ஜனங்கள் காசு கொடுத்து, வரிசையில் நின்று அந்த ஐஸில் கன்னத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அது உருகி முடிவதற்குள் ஓட்டோ மனை வாங்கிவிட்டார். இரண்டாவது மாடி வரும்போது அணைக்கட்டு வேலைக்கு வந்த ஆட்கள், சம்பள நாளில் பகடை மேஜையைச் சுற்றி நாலு வரிசைக்கு நின்ற கதை. நாலாவது மாடியில் இந்த லிஃப்டின் கதை: மலைப்பக்கத்திலிருந்து கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட வெளியே கட்டிப் போட்டுவிட்டு, சும்மா மேலே போய்க் கீழே வருவதற்காக வந்து நின்றார்களாம். ஆறாவதில் ஹோட்டல் வாசலில் நிற்கும் செம்பு அல்லி விளக்கு. ஆறு மாடி உயரம், இதழ் இதழாக விளக்கு எரிந்து மலர்ந்து, பிறகு இதழ் இதழாக அணைந்து கூம்பும். இருட்டில் பாலைவனத்தின் மேல் பறக்கிற விமானக்காரர்கள் அதைத்தான் தேடிப் பிடிப்பார்கள் என்று முடிப்பதற்குள் கதவு திறக்க வேண்டும்.

"ஜனங்க தூங்கறதுக்கா இங்க வராங்க? தூங்கறதுக்கு அவங்க வீட்டுலயே கட்டில் இருக்கு வெல்டா. வாயைப் பொளந்து நிக்கறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும் அவங்களுக்கு. எங்கப்பா மீனைக் காட்டினாரு. நான் இதைக் காட்டறேன்" என்பார் ஏமரி. வியாபாரப் பேச்சுதான். ஆனால் வெறும் வியாபாரம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒவ்வொரு வெடிப்பு முடிந்தும் கீழே இறங்கி வரும்போது அந்த மனிதரின் கண் கலங்கியிருப்பதை வெல்டா பார்த்திருக்கிறாள்.

அவள் மட்டும் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. எத்தனை பேரை மேலே ஏற்றியிருப்பாள்! கடைசி ஆளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே யாராவது மயங்கி விழுந்தால் இறக்குவதற்காக, ஏழாவது மாடியில் லிஃப்டை நிறுத்திக் காத்திருப்பது அவள் வேலை. லிஃப்டுக்கு ஜன்னல் கிடையாது. கதவின் இடுக்கு வழியாக ஒரு வெள்ளைக் கோடு வந்து எதிர்ச் சுவரில் விழும். ஒரு கணம் நின்று மஞ்சளாகி மறையும். அவளுக்குத் தெரிந்த அணுகுண்டு அந்த ஒரு கோடுதான்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை டெல்மர் வந்திருந்தான்.

டெல்மர் அவள் மகன். ராணுவத்தில் கார்ப்பரல். புருஷன் ரயில்வேயில் இருந்து நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்த பிறகு, கலியெண்டே ஊரிலிருந்து எட்டு வயதுப் பிள்ளையோடு வந்து இந்த வேலையில் சேர்ந்தவள் வெல்டா. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இந்த லிஃப்டில்தான் ஏறி நிற்பான். இப்போது இருபத்திமூன்று வயதில், சீருடையில், ஒரு நாள் விடுப்பில் வந்தவன் பழைய வழக்கத்தை விடவில்லை. மத்தியானம் முழுக்க அவளோடு மேலேயும் கீழேயும் போய் வந்துகொண்டிருந்தான். அவள் கதை சொல்லச் சொல்ல, பின்னால் நின்று சத்தமில்லாமல் கூடவே வாயசைத்தான். நாலாவது மாடியில் "இங்கதான் அந்தக் கழுதையும் ஏறுச்சு" என்று குரல் கொடுத்தான். பயணிகள் நம்பிவிட்டார்கள். ஒரு கிழவர் எந்த மூலையில் நின்றது என்று விசாரித்தார்.

லிஃப்ட் காலியாக இருந்த ஒரு தடவை வெல்டா கேட்டாள். "டேய், எங்க போட்டிருக்காங்க உன்னை?"

"சொல்லக் கூடாதும்மா."

"அம்மாகிட்டயா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினான். "டெசர்ட் ராக் முகாம்ல. அடுத்த குண்டுக்கு எங்க படைதான். குழி வெட்டி வெச்சிருக்கு. குந்திக்கிட்டு, கண்ணை மூடி, கையை மேல வெச்சு அழுத்திக்கணும்."

"எவ்வளவு தூரத்துல?"

"ரெண்டு மைலு. கொஞ்சம் கூட இருக்கும்."

லிஃப்ட் ஐந்தாவது மாடியைத் தாண்டிவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெல்டா நிறுத்தவில்லை.

"வெளிச்சம் போனதும் எழுந்திரிக்கணும். அப்புறம் நடக்கணும்" என்றான்.

"எங்கடா?"

"அதைப் பாத்துதான்."

வெல்டா லிஃப்டை நிறுத்தினாள். இரண்டு மாடிகளுக்கு நடுவில், வெறும் செங்கல் சுவருக்கு எதிரே. அவன் சிரித்து, "அம்மா, கீழ மணி அடிக்கறாங்க, போ. உங்க முதலாளி என்னைக் கொன்னுடுவாரு, குண்டு எதுக்கு" என்றான். பயமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான், அதை நம்ப வேண்டியிருக்கும். கைப்பிடியைத் திருப்பினாள். அன்று மாலை அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து, தினமும் விடியலில் ஆட்களை மேலே ஏற்றினாள். தினமும் காற்று சரியில்லை என்று தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு இறங்க, அவள் ஒருத்திதான் அந்தக் காற்றுக்கு நன்றி சொன்னாள்.

இன்றைக்குக் காற்று இல்லை.

பிக்ஸ்லர் கூட்டத்தை மேலே விட்டுவிட்டு, கடைசி நடைக்காகக் கீழே வந்தபோது ஏமரி ஒருவர் மட்டும் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சூட்டு, தொப்பிக்குக் கீழே செம்பு நிறத்தில் சாயமேற்றிய தலைமுடி, சட்டைப்பையில் சின்னதாக ஒரு செம்பு அல்லி. சற்றே நொண்டும் காலை முதலில் வைத்து உள்ளே வந்தார். பின்னால் கூடத்தில் விடிந்தது விடியாதது தெரியாமல் காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் மெஷின்கள் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

"பாத்தியா வெல்டா, ரேடியோவுல எண்ண ஆரம்பிக்கப் போறான். உடம்பெல்லாம் சிலிர்க்குது எனக்கு. ஓட்டு வண்டியை."

"சார், இன்னிக்கு நானும் மேல நிக்கணும்."

"நின்னா லிஃப்டை யாரு பாத்துக்கறது? போன தடவை அந்த டெக்ஸாஸ் அம்மா விழுந்தாங்களே, மறந்துட்டியா? கண்ணாடி வேணா ஒண்ணு எடுத்துக்கோ. கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கோ."

"என் பையன் அங்க குழியில இருக்கான் சார்."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று உடனே தெரிந்தது. டெல்மர் அவளிடம் மட்டும் சொன்னது. ஏமரி திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஐந்தாவது மாடி, ஆறாவது மாடி.

"நம்ம டெல்மரா? இங்க ஓடிட்டிருப்பானே, அவனா?"

"ஆமா சார்."

"ஏம்மா முன்னாடியே சொல்லல?" குரல் இறங்கியிருந்தது. கதவு திறந்ததும் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வா எங்கூட."

மொட்டைமாடியில் காற்றே இல்லாத ஒரு குளிர். வானத்தின் கிழக்கு ஓரம் மட்டும் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. மேஜைகளின் நடுவில் குண்டு வெடித்து எழும் மேகம் மாதிரி செய்த ஒரு வெள்ளைக் கேக். அதே மேக வேஷத்தில் பஞ்சை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்ட நடனக்காரப் பெண்கள் இருவர் நடுங்கியபடி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தான். ஏமரி நேராக ஒலிபெருக்கியிடம் போனார். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது வெல்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கையை இழுத்துப் பார்த்தாள். பிடி விடவில்லை.

"சீமான்களே, சீமாட்டிகளே! உங்களையெல்லாம் மேல கூட்டிட்டு வந்த இந்த அம்மாவை உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒண்ணைச் சொல்றேன். இவங்க பிள்ளை, இந்த ஹோட்டல்ல வளந்த பையன், இப்ப இந்த நிமிஷம் அந்தக் குழியில, நம்ம எல்லாருக்காகவும் உக்காந்திருக்கான்!"

அக்கார்டியன் நின்றது. பிறகு கைதட்டல் வெடித்தது. யாரோ அவள் கையில் ஷாம்பெயின் கோப்பையைக் கொடுத்தார்கள். யாரோ கறுப்புக் கண்ணாடியை அவள் காதில் மாட்டிவிட்டார்கள். வழி விடுங்க, வழி விடுங்க என்று சொல்லி அவளைக் கைப்பிடிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் வந்தால் தவறவிடக் கூடாது என்பது போல. ஐஸுக்குள் கிடந்த மீன் நினைவு வந்தது வெல்டாவுக்கு. ஏமரியின் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே நல்ல இடத்தை அவர் அவளுக்குக் கொடுத்திருந்தார்.

பக்கத்தில் பிக்ஸ்லர் நின்றார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். "லிஃப்டுல நான் சொன்னது..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

ரேடியோ எண்ண ஆரம்பித்தது. மாடியில் இருந்த ஐம்பது பேரும் வாயை மூடினார்கள். தெருவில் ஒரு கார்கூட ஓடவில்லை.

முதலில் சத்தமில்லை. அதுதான் அவளுக்கு வாழ்நாள் முழுக்க விளங்காமல் போனது. அவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு அமைதியாக வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. வடமேற்கே மலைகளின் பின்னால் சூரியன் தப்பான பக்கத்தில் உதித்தது. உதித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. இருட்டு இருந்தது, பிறகு இல்லை. கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே ஊர் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. ஸ்டேஷனில் நின்ற சரக்கு வண்டிகளின் ஆணிகள், கொல்லைப்புறங்களில் கொடியில் தொங்கிய துணிகள், அந்தத் துணிகளில் குத்தியிருந்த கவ்விகள், தூரத்து மலையில் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு மடிப்புக்குள் இருந்த மடிப்பும். அவள் அந்த மலைகளைப் பதினைந்து வருஷமாகப் பார்த்தவள். அன்றுதான் பார்த்தாள். திரும்பினால் மாடியில் நின்ற ஐம்பது பேருடைய நிழலும் பின்சுவரில் கத்தியால் வெட்டி ஒட்டியது மாதிரி நின்றது. பிறகு வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகி, அதற்கப்புறம் ஊதா. அந்த மாதிரி ஊதாவை அவள் எந்தப் பூவிலும் எந்தத் துணியிலும் கண்டதில்லை. அவள் வாய் தானாகத் திறந்தது. "ஆஹா" என்றது. மலைக்கு மேலே மேகம் எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. இதற்கு மேல் போகாது என்று நினைத்த இடத்தையெல்லாம் தாண்டி எழுந்தது. கீழே இன்னும் விடியாத பூமி. மேலே அந்த மேகத்தின் உச்சி மட்டும் நிஜச் சூரியனைப் பார்த்துவிட்டு ரோஜா நிறத்தில் பூத்தது. சர்ச்சில் முழங்கால் போடும்போதுகூட அவளுக்குள் அப்படியொரு அடங்கல் வந்ததில்லை. பயமா, பக்தியா, சந்தோஷமா என்று அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான் டெல்மர் ஞாபகம் வந்தது.

அவளுக்குத் தன் மேலேயே திகைப்பாக இருந்தது. ராத்திரி பகலாக அவனைத் தவிர வேறு நினைப்பில்லாமல் கிடந்தவள். அந்த வெளிச்சம் அவனையும் அவள் மனசிலிருந்து துடைத்துவிட்டது. ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம், இந்த உலகத்தில் அவளுக்குப் பிள்ளை இல்லை. அப்படித் துடைக்கக்கூடிய ஒன்றுக்குப் பக்கத்தில் அவன் குந்திக்கொண்டிருக்கிறான்.

கூட்டம் உயிர் பெற்றது. கத்தினார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அக்கார்டியன்காரன் எதையோ வாசித்தான். கேக்கை வெட்டினார்கள். ஏமரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் குளிர் மறுபடியும் உறைக்க ஆரம்பித்தது. காபி, பகடை, படுக்கை என்று ஆளுக்கொரு நினைப்பு. ஒவ்வொருவராக லிஃப்ட் கதவருகே போய்ச் சேர்ந்தார்கள். லிஃப்டில் ஆள் இல்லை.

ஏமரி வந்தார். "வெல்டா, ஜனங்க கீழ போகணும்மா."

"சத்தம் வரட்டும் சார்."

"என்னது?"

"இன்னும் சத்தம் வரலை." அவள் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லிஃப்டுக்குள் நிற்கும்போது அவளுக்கு வெளிச்சக்கோடு மறைந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்த உறுமல் கேட்கும். அதற்குள் பாதிப் பேரை இறக்கியிருப்பாள். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்றுகூட அவள் நினைத்ததில்லை. "வரட்டும். வந்ததும் இறக்கி விடறேன்."

"அதுக்கு அஞ்சாறு நிமிஷம் ஆகுமே. குளிருதுங்கறாங்க."

"படி இருக்கு சார்."

ஏழு மாடிப் படியை நரித்தோல் கோட்டுகள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின. "என்னய்யா இது, லிஃப்டுக்காரி வெச்சதா சட்டம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எரிச்சலோடு கேட்டது. ஏமரிக்கு லிஃப்டை ஓட்டத் தெரியும். அந்த லிஃப்டை முதன்முதலில் ஓட்டியவரே அவர்தான். அவர் கதவையும் பார்த்தார், வெல்டாவையும் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே போய் அக்கார்டியன்காரனின் தோளில் கையை வைத்து நிறுத்தச் சொன்னார்.

"நிப்போம்யா" என்றார் பிக்ஸ்லர், சட்டையோடு நடுங்கிக்கொண்டு. "ஒரு அஞ்சு நிமிஷம் நின்னா செத்தா போயிடுவோம்?"

நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக மறுபடி கைப்பிடிச் சுவரருகே வந்து நின்றார்கள். பஞ்சு ஒட்டிய பெண்களில் ஒருத்தி வெல்டாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டாள், தெரிந்தவள் மாதிரி. மேகத்தின் தலை மெல்லச் சாய்ந்து கிழக்கே இழுபட ஆரம்பித்திருந்தது. காற்றோட்டக் குழாய் வழியாகக் கீழே ஸ்லாட் மெஷின்கள் சுற்றுவது கேட்டது. அதையும் தாண்டி ஒன்றுக்காக ஐம்பது பேர் காது கொடுத்து நின்றார்கள். அந்த மாடியில் அதுவரை இப்படியொரு அமைதி இருந்ததில்லை.

முதலில் கைப்பிடிச் சுவருக்குத்தான் தெரிந்தது. வெல்டாவின் உள்ளங்கைக்குக் கீழே சிமெண்ட் சிலிர்த்தது. பிறகு தெரு நெடுக ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சலசலத்துக்கொண்டு வந்தன, யாரோ ஓடிவந்து தட்டிக்கொண்டே போகிற மாதிரி. அப்புறம் வந்தது. ஒரு பெரிய கதவைச் சாத்தியது போல ஒரு இடி. மலையில் மோதித் திரும்பிய இன்னொன்று. அது முடியாமல் ஊருக்கு மேல் உருண்டு உருண்டு, ஸ்டேஷனைத் தாண்டி, கிழக்கே போனது. நெஞ்செலும்பில் ஒரு கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. பலர் ஒரு அடி பின்னால் வைத்தார்கள். வெல்டா வைக்கவில்லை. அவனைத் தொட்டுவிட்டுத்தானே வருகிறது, என்று நினைத்தாள். அவன் முதுகுக்கு மேலே போய், அவன் குழியைத் தாண்டி, இத்தனை மைல் பாலைவனத்தையும் கடந்து வந்து என்னைத் தொடுகிறது. அங்கே அது எப்போதோ முடிந்திருக்கும். இந்நேரம் அவன் எழுந்து நடந்துகொண்டிருப்பான். அதைப் பார்த்து.

சத்தம் முழுவதும் போய்ச் சேரும்வரை நின்றாள். பிறகு பிக்ஸ்லரின் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, லிஃப்டுக்குள் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். "வாங்க, பத்துப் பத்துப் பேரா வாங்க" என்றாள். அத்தனை நடையிலும் அவள் கதை சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கூடத்தில் இறங்கியவர்கள் பகடை மேஜைப் பக்கம் போகாமல், எங்கே போவது என்று மறந்தவர்கள் மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள்.

"நாளைக்குக் காலையில ரயில் ஏறலாம்னு இருந்தேன்" என்றார் பிக்ஸ்லர், கடைசியாக இறங்கியவர். "ஏறலை. உங்க பையன் வரட்டும்."

அன்று முழுக்க ஒரு தகவலும் இல்லை. ஏமரி இரண்டு தடவை வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவள் போகவில்லை. அவர் மூன்றாவது தடவை வந்தபோது ஒரு தட்டில் ரொட்டியும் வறுத்த இறைச்சியும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். அது அப்படியே ஆறியது.

மறுநாள் மத்தியானம், தெருவில் வெயில் ஏறியிருந்த நேரம், அவள் கீழ்த்தளத்தில் கதவைத் திறந்தாள். எதிரே டெல்மர் நின்றுகொண்டிருந்தான்.

முகம் வெயிலில் ரொம்ப நேரம் கிடந்தது போலச் சிவந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கை, கால், கண் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"பசிக்கலைம்மா. மேல கூட்டிட்டுப் போ. சும்மா."

உள்ளே வந்தான். வெல்டா மற்றவர்களுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்தினாள். மூன்றாவது மாடி தாண்டியதும் அவன் ஆரம்பித்தான்.

"கண்ணை மூடிக்கிட்டுதாம்மா இருந்தேன். சொன்ன மாதிரியே. கையை மேல வெச்சு அழுத்திக்கிட்டேன். கண்ணை மூடிக்கிட்டே என் கையைப் பாத்தேன். உள்ள இருக்கற எலும்பு. எக்ஸ்ரே எடுப்பாங்கல்ல, அப்படி. அஞ்சு விரலும்."

வெல்டா அவன் கையைப் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்புறம் நடந்தோம். மணலெல்லாம் பளபளன்னு ஆயிருந்துச்சு. குண்டு என்ன பண்ணும்னு பாக்க, ஆளுங்க இல்லாத வீடு கட்டி வெச்சிருந்தாங்க, அதுல பாதி இல்ல. ஒரு முயல் நின்னுச்சு. ஓடலை. எங்க பக்கம் பாத்துக்கிட்டே நின்னுச்சு. கண்ணு இல்ல அதுக்கு." கொஞ்சம் நிறுத்தி, "திரும்பி வந்ததும் தூசி போகணும்னு எங்களைத் தொடப்பத்தால பெருக்கிக்கச் சொன்னாங்கம்மா. ஒருத்தனை ஒருத்தன். தரையைப் பெருக்கற மாதிரி. எல்லாரும் சிரிச்சோம்" என்றான். சிரிக்கவில்லை. "அம்மா, ஆனா... எப்படிச் சொல்றது. ரொம்ப அழகா இருந்துச்சு."

"தெரியும்" என்றாள் வெல்டா. "நானும் பாத்தேன்."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தான்.

கீழே வந்தபோது ஏமரி வெள்ளைச் சூட்டில் நின்றுகொண்டிருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பின்னால் ஒலிபெருக்கிக்காரனும் பிக்ஸ்லரும் இன்னும் நாலைந்து பேரும். "நம்ம வீரன் எங்கே!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லிஃப்டுக்குள் ஓரடி வைத்தவர் டெல்மரின் முகத்தைப் பார்த்தார். விரித்த கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. "வந்துட்டியாப்பா" என்றார். அவ்வளவுதான். வெளியே போய், பின்னால் நின்றவர்களைக் கையாலேயே விலகச் சொன்னார். பிக்ஸ்லர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, கதவு மூடும்வரை நின்றார்.

அறையில் போய்ப் படுக்கச் சொல்லி ஏமரி மூன்றாவது மாடியில் ஒரு சாவி கொடுத்தனுப்பினார். டெல்மர் வேண்டாம் என்றான். இங்கேயே இருக்கிறேன் என்று லிஃப்டின் மூலையில், சிவப்புக் கம்பளத்தின் மேல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் ஒரு மாடி போவதற்குள் தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெல்டா வேலையைப் பார்த்தாள். மணி அடித்த மாடியில் நிறுத்தினாள். ஏறியவர்கள் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். உரக்கச் சிரித்துக்கொண்டு வந்த ஒரு கல்யாண கோஷ்டி நுனிக்காலில் நடந்து உள்ளே வந்தது. மணப்பெண் தன் நீளமான பாவாடையைத் தூக்கி, அவன் காலைத் தாண்டி நின்றாள்.

அவன் பூட்ஸின் மடிப்புகளிலிருந்தும் தையல்களிலிருந்தும் அந்தத் துடைப்பத்துக்குத் தப்பிய ஒரு வெளிறிய தூசி கம்பளத்தில் உதிர்ந்திருந்தது. அரைத்த மாவு போல அவ்வளவு மெல்லியது. ஏறியவர்கள் அதில் நின்றார்கள். இறங்கும்போது அவர்கள் காலடித் தடம் கம்பளத்திலிருந்து வெளியே போனது. இரண்டாவது மாடியில் ஒரு ஆணின் அகலமான ஷூ. நாலாவதில் மணப்பெண்ணின் ஊசிக் குதிகால். ஆறாவதில் குழந்தை ஒன்றின் பாதி அடி. கதவு திறக்கும் ஒவ்வொரு மாடியிலும், விளக்கு வெளிச்சத்தில், அந்தத் தடங்கள் வெள்ளையாக, லிஃப்டிலிருந்து கிளம்பி, தாழ்வாரத்தில் கொஞ்ச தூரம் போய், மங்கி மங்கி மறைந்தன.